என் கையெழுத்து மாதிரிதான் இருக்கு

கேள்வி: வணக்கம் சார். சட்டம் படித்துவிட்டு இரண்டு ஆண்டாக மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறேன். லண்டனில் நடந்த ஒரு வேலைநீக்க வழக்கின் தீர்ப்பைத் தமிழில் கேட்டிருந்தார்கள். நிறுவனத்தின் மேலாளர் சாட்சி சொன்ன விதத்தைப் பற்றி நீதிபதி ஒரு பத்தி எழுதியிருக்கிறார். அதில் ஓரிடத்தில் அவர் ‘இக்விவொகேட்’ செய்தார் என்றும், நாலு வரி தள்ளி ‘ப்ரிவேரிகேட்’ செய்தார் என்றும் வருகிறது. இரண்டுக்கும் ‘மழுப்பினார்’ என்று போட்டேன். சரிபார்ப்பவர் திருப்பி அனுப்பிவிட்டார். ‘இரண்டும் ஒன்றுதான் என்றால் நீதிபதி ஏன் இரண்டு சொல் எழுதினார்?’ என்று ஓரத்தில் ஒரு குறிப்பு. அகராதியைப் பார்த்தால் ஒன்றுக்கு இன்னொன்றையே பொருளாகக் கொடுத்திருக்கிறார்கள். உண்மையில் என்ன வித்தியாசம்? தமிழில் எப்படி எழுதுவது?
வாசகி, திருநெல்வேலி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

சரிபார்ப்பவர் கேட்டது நல்ல கேள்வி. அதற்காக நீங்கள் மனம் தளர வேண்டாம். ‘மழுப்பினார்’ தவறான தமிழ் இல்லை. ஆனால் அது வாய் அகன்ற சொல், எதைப் போட்டாலும் உள்ளே போய்விடும். ஒரு மனிதரின் நாணயத்தைப் பற்றி நீதிபதி எழுதும் இடத்தில் அப்படிப்பட்ட சொல்லை வைக்கக் கூடாது.

முதலில் வித்தியாசத்தைச் சொல்லிவிடுகிறேன். இக்விவொகேட் செய்கிறவர் கேள்வியை விட்டு நகர்வதில்லை. பதில் சொல்கிறார், ஆனால் இரண்டு பக்கமும் திருப்பிக்கொள்ளக்கூடிய சொல்லாகப் பார்த்துச் சொல்கிறார். ப்ரிவேரிகேட் செய்கிறவர் கேள்வியை விட்டே விலகி நடக்கிறார். அந்த விலகல் ஓர் அடியாகவும் இருக்கலாம், பொய் வரைக்கும் போகலாம். முதலாவதில் கள்ளம் சொல்லுக்குள் இருக்கிறது. இரண்டாவதில் அவர் போகிற வழியில் இருக்கிறது.

இதை நான் அகராதியில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வேலைக்கு வந்த புதிதில், ஒரு நில வழக்கின் கீழ்க்கோர்ட் சாட்சியங்களை மேல்முறையீட்டுக்காக ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுத்தேன். கிரயப் பத்திரத்தைக் காட்டி, இது உங்கள் கையெழுத்துதானே என்று வக்கீல் கேட்கிறார். சாட்சி சொல்கிறார்: “என் கையெழுத்து மாதிரிதான் இருக்கு.” பதிவிலும் அப்படியே இருந்தது. நான் அவசரத்தில் ‘அது என் கையெழுத்துதான்’ என்ற பொருள் வரும்படி ஆங்கிலத்தில் எழுதிவிட்டேன். அந்த ‘மாதிரி’ எனக்குப் பேச்சுவழக்கில் ஒட்டிக்கொண்டு வரும் வெறும் சொல்லாகத் தெரிந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் தமிழையும் ஆங்கிலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அந்த ஒரு சொல் காணாமல் போனதைக் காட்டினார். அவர் காட்டியது நியாயம். அந்தப் பெரியவர் ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. ‘மாதிரி’ என்ற மூன்றெழுத்தில் இரண்டுக்கும் இடம் வைத்திருந்தார். நான் அதை அழித்து, அவர் சொல்லாத ஒன்றை அவர் வாயில் வைத்துவிட்டேன். அது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

அதே சாட்சியத்தில் அடுத்த பக்கம் இன்னொரு கேள்வி. பணம் வாங்கினீர்களா? அதற்கு அவர், “அவங்க வீட்டுக்கு நான் போனதே தை மாசம்தான்” என்றார். இங்கே இரட்டைப் பொருள் எதுவும் கிடையாது. தை மாதம் போனது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கேட்டது பணம், வந்தது மாதம். கையெழுத்துக் கேள்விக்கு அவர் செய்ததை ஆங்கிலத்தில் இக்விவொகேட் என்பார்கள். பணக் கேள்விக்குச் செய்தது ப்ரிவேரிகேட். இரண்டையும் ஒரே ஆள் ஒரே மதியத்தில் செய்ய முடியும். உங்கள் லண்டன் மேலாளரும் அப்படித்தான் செய்திருக்க வேண்டும், அதனால்தான் நீதிபதிக்கு இரண்டு சொல் தேவைப்பட்டது.

நமக்கு இதைப் பார்க்க ஒரு நல்ல கண்ணாடி பள்ளிக்கூடத்திலேயே கொடுத்திருக்கிறார்கள். நன்னூலின் விடை வகை எட்டு உங்களுக்கு நினைவிருக்கும்: சுட்டு, மறை, நேர், ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி. முதல் மூன்றும் நேரடி விடை. மற்ற ஐந்தும் மறைமுகம். ‘ஆடுவாயா?’ என்று கேட்டால் ‘பாடுவேன்’ என்பது இனமொழி. கேட்டது ஒன்று, சொன்னது அதற்கு இனமான வேறொன்று. ஆனாலும் ஆடமாட்டேன் என்ற பதில் கேட்டவருக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அதனால்தான் இலக்கணம் அதையும் விடை என்று ஏற்றுக்கொள்கிறது. கேட்பவரும் சொல்பவரும் நல்லெண்ணத்தோடு பேசும்போது இது அழகான விடை. சாட்சிக் கூண்டில் ஒருவர் இதைக் கையில் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு வழக்கு இருக்கிறது.

சாமுவேல் ப்ரான்ஸ்டன் ஒரு திரைப்படத் தயாரிப்பாளர். அவருடைய நிறுவனம் திவாலானதும், 1966இல் கடன் கொடுத்தவர்கள் தரப்பு வக்கீல் அவரைச் சத்தியப் பிரமாணத்தில் விசாரித்தார். ஸ்விஸ் வங்கியில் உங்களுக்குக் கணக்கு இருக்கிறதா? “இல்லை ஐயா.” எப்போதாவது இருந்ததா? “நிறுவனத்துக்கு ஆறு மாதம் போல அங்கே ஒரு கணக்கு இருந்தது, ஸூரிக்கில்.” வக்கீல் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். உண்மை என்னவென்றால், ஜெனீவாவில் ப்ரான்ஸ்டனுக்குச் சொந்தப் பெயரிலேயே ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் கணக்கு இருந்திருக்கிறது. அவர் சொன்ன இரண்டு பதிலிலும் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. விசாரணை நாளில் அவருக்குக் கணக்கு இல்லை. நிறுவனத்துக்குக் கணக்கு இருந்ததும் நிஜம். ‘எனக்கு இருந்ததா’ என்று கேட்டதற்கு ‘நிறுவனத்துக்கு இருந்தது’ என்றார், அவ்வளவுதான். அச்சு அசலாக இனமொழி. பொய்ச்சாட்சி என்று கீழே தண்டித்தார்கள். 1973இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்தத் தண்டனையை ரத்து செய்தது. சொல்லளவில் உண்மையான பதில், கேட்டதற்குப் பொருந்தாத பதிலாக இருந்தாலும், கேட்டவரைத் தவறாக நினைக்க வைத்தாலும் பொய்ச்சாட்சி ஆகாது என்றார்கள். சாட்சி நழுவினால், பிடித்து நிறுத்திக் கேட்க வேண்டியது வக்கீலின் பொறுப்பு.

நன்னூல் எதை விடை என்று ஏற்றதோ, அதைச் சட்டம் சாட்சியின் பொறுப்பில் வைக்க மறுத்துவிட்டது பாருங்கள். நான் இந்த வழக்கை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், ப்ரிவேரிகேட் என்று கண்டவுடன் ‘பொய் சொன்னார்’ என்று எழுதும் மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கிறார்கள். அமெரிக்கர்கள் சில சமயம் பொய் என்பதற்கு நாகரிகமான சொல்லாகவே இதைப் பயன்படுத்துகிறார்கள் என்பது உண்மைதான். இருந்தாலும் நீதிபதி ‘பொய்’ என்று எழுதாமல் விட்டது தற்செயலாக இருக்காது. ப்ரான்ஸ்டனைப் போன்ற ஒருவரை நாம் தமிழில் பொய்யராக்கிவிட்டால் அந்தத் தவறு முழுக்க நம்முடையது.

ப்ரிவேரிகேட் பிறந்த இடமே நீதிமன்றம்தான். லத்தீனில் ‘வாரஸ்’ என்றால் கால் வளைந்தவர். எலும்பு மருத்துவர்கள் வளைந்த முழங்காலுக்கு ‘ஜெனு வேரம்’ என்று எழுதுகிறார்களே, அந்தச் சொல்தான். அதிலிருந்து கோணலாக நடப்பதற்கு ஒரு வினைச்சொல் வந்தது. பிறகு ரோமானியச் சட்டத்தில் அது ஒரு குறிப்பிட்ட துரோகத்துக்குப் பெயராயிற்று: குற்றம் சாட்டுகிறவரே குற்றவாளியோடு ரகசியமாகக் கைகோத்துக்கொண்டு, வழக்கை ஒப்புக்கு நடத்தித் தோற்பது. கி.மு. 70இல் சிசிலியின் ஆளுநராக இருந்து கொள்ளையடித்த வெர்ரஸ் மீது வழக்கு வந்தபோது, அவரிடமே முன்பு அதிகாரியாக வேலை பார்த்த கைகிலியஸ் என்பவர், வழக்கை நான் நடத்துகிறேன் என்று வந்து நின்றார். அவரை ஒதுக்கிவிட்டு வழக்கைத் தன்னிடம் தரும்படி ரோமானிய வழக்கறிஞர் சிசரோ வாதாடி வென்றார். யார் வழக்கை நடத்துவது என்பதற்கே அன்று தனியாக ஒரு வாதம் நடந்தது, எதிராளிக்காகத் தோற்றுக் கொடுக்க ஒருவர் உள்ளே நுழைந்துவிடக் கூடாது என்ற கவலையும் அதில் இருந்தது. நேராக நடப்பதுபோலக் காட்டிக்கொண்டு வேறு பக்கம் போவது என்ற அந்தப் பழைய வாசனை இன்றைக்கும் சொல்லில் இருக்கிறது. அதனால் இதற்குத் தமிழில் நடையும் வழியும் வரும் சொற்கள் பொருந்தும்: விலகிப் போனார், நேர்பதில் தராமல் நழுவினார், சுற்றி வளைத்தார், திசைதிருப்பினார்.

இக்விவொகேட் லத்தீனில் ‘சம குரல்’. ஒரே சொல், இரண்டு பொருளும் ஒரே அளவு சத்தமாகக் கேட்கும். முதலில் அது தருக்கம் படிப்பவர்கள் பயன்படுத்திய சாதுவான சொல்தான். ஆங்கிலத்தில் அதற்குக் கறை படிந்தது 1606இல். நாடாளுமன்றத்தை வெடிமருந்து வைத்துத் தகர்க்கச் சதி செய்தவர்கள் 1605 நவம்பரில் பிடிபட்டார்கள். அதைத் தொடர்ந்து கத்தோலிக்கத் துறவிகளின் அமைப்பான இயேசு சபைக்கு இங்கிலாந்தில் தலைவராக இருந்த ஹென்றி கார்னெட் மீது வழக்கு நடந்தது. அந்தக் காலத்து இங்கிலாந்தில் கத்தோலிக்கக் குருவாக இருப்பதே உயிர் போகும் குற்றம். வீட்டில் குரு ஒளிந்திருக்கிறாரா என்று அதிகாரிகள் கேட்டால், பொய் சொல்லும் பாவமும் சேராமல், ஆளையும் காட்டிக்கொடுக்காமல், இரு பொருள்படவோ பாதியை மனசுக்குள் வைத்துக்கொண்டோ பதில் சொல்லலாம் என்று அவர்களுக்குள் ஒரு போதனை இருந்தது. அதை விளக்கும் கையெழுத்துப் பிரதியையே அரசுத் தரப்பு வழக்கறிஞர் எட்வர்ட் கோக் நீதிமன்றத்தில் காட்டினார். கார்னெட் அந்த ஆண்டு மே மாதம் கொல்லப்பட்டார். அதற்குப் பிறகு அந்தச் சொல்லைக் கேட்ட எவருக்கும் தருக்கம் நினைவுக்கு வரவில்லை, சூழ்ச்சிதான் வந்தது. ஒளிந்திருக்கும் உயிரைக் காப்பாற்றச் சொன்ன பதிலைச் சூழ்ச்சி என்பது நியாயமா என்று எனக்குள் கேள்வி உண்டு. ஆனால் சொல்லின் மேல் ஏறிய கறை ஏறியதுதான்.

இதற்கு நம்மிடம் இதைவிடப் பழைய உதாரணம் இருக்கிறது. அசுவத்தாமன் இறந்தான் என்று தருமர் துரோணரிடம் சொல்கிறார். இறந்தது பீமன் கொன்ற யானை, அதற்கும் அதே பெயர். ‘யானை’ என்பதை மட்டும் காதில் விழாதபடி சொல்கிறார். சொல்லுக்குச் சொல் பார்த்தால் பொய் கிடையாது. அப்படியும், அதுவரை நிலத்தில் படாமல் நாலு விரற்கடை உயரத்தில் நின்ற அவர் தேர் தரையைத் தொட்டுவிட்டது. ப்ரான்ஸ்டனை விட்டுவிட்ட மாதிரி பாரதம் தருமரை விடவில்லை. இக்விவொகேட் என்பது பொய்யைவிடக் கொஞ்சம் குறைந்த குற்றம் என்று உங்களிடம் யாராவது சொன்னால் அந்தத் தேரை நினைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இக்விவொகேட் என்பதற்கு ‘சிலேடையாகப் பேசினார்’, ‘இரட்டுற மொழிந்தார்’ என்று சில சொற்பட்டியல்களில் கொடுத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து எழுதாதீர்கள். காளமேகப் புலவர் பாம்புக்கும் எள்ளுக்கும் ஒரே வெண்பா பாடினார் என்றால், கேட்பவர் இரண்டையும் கண்டுபிடித்து மகிழ வேண்டும் என்றுதான் பாடினார். இரண்டு பொருளும் தெரிந்தால்தான் சிலேடைக்கு வெற்றி. இக்விவொகேட் செய்கிறவருக்கோ இரண்டாவது பொருள் தெரிந்துவிட்டால் தோல்வி. நம் மொழி மெச்சும் ஒரு கலையின் பெயரை அந்த மேலாளருக்குக் கொடுத்தால், படிப்பவருக்கு அவர் சமர்த்தராகத் தெரிவார். நீதிபதி அவரைக் கண்டித்திருக்கிறார்.

உங்கள் வேலையில் இன்னொரு கண்ணி இருக்கிறது. ‘இல்லை’ என்ற நம் சொல்லுக்குக் காலம் கிடையாது. 1998 ஜனவரியில் அமெரிக்க அதிபர் கிளின்டன் தொலைக்காட்சிப் பேட்டியில், மோனிகா லெவின்ஸ்கி என்ற பெண்ணோடு தகாத உறவு இல்லை என்றார், நிகழ்காலத்தில். பேட்டி நடந்த அன்று உறவு இல்லை என்பது சரி, முன்பு இருந்தது. ஆகஸ்டில் விசாரணைக் குழுவின் முன், ‘இருக்கிறது என்பதற்கு என்ன பொருள் என்பதைப் பொறுத்தது’ என்று அவர் சொன்னது உலகம் முழுக்கப் பேச்சானது. அவருடைய தந்திரம் முழுவதும் அந்த நிகழ்கால வினையில் இருக்கிறது. தமிழில் ‘உறவு இல்லை’ என்று எழுதினால் அந்த வினையே மறைந்துபோகும். ‘உறவு இருந்ததில்லை’ என்று எழுதினாலோ அவர் பச்சைப் பொய் சொன்னதாகிவிடும். ‘இப்போது அப்படி ஓர் உறவு இல்லை’ என்று காலத்தை வெளியே எடுத்து வைத்தால்தான் அவர் ஒளிந்திருந்த இடம் தமிழ் வாசகருக்குத் தெரியும். ஆனால் அந்த ‘இப்போது’ அவரைக் கொஞ்சம் காட்டியும் கொடுத்துவிடுகிறது. இப்படிப்பட்ட இடத்தில் அடிக்குறிப்பு போடத் தயங்காதீர்கள்.

சட்டம் படித்தவர் என்பதால் ஒன்று சொல்கிறேன். 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் கட்டளை 8, விதி 4ஐ எடுத்துப் பாருங்கள். பிரதிவாதி நழுவலாக மறுக்கக் கூடாது, விஷயத்தின் சாரத்துக்குப் பதில் சொல்ல வேண்டும் என்கிறது. அதற்கு அந்த விதியே தரும் உதாரணம் பணம் வாங்கியதுதான். இன்ன தொகை வாங்கினார் என்று குற்றச்சாட்டு இருந்தால், அந்தத் தொகையை வாங்கவில்லை என்று மட்டும் மறுத்தால் போதாது. அதையோ, அதில் எந்தப் பகுதியையோ வாங்கவில்லை என்று மறுக்க வேண்டும், இல்லையென்றால் எவ்வளவு வாங்கினார் என்று சொல்ல வேண்டும். ‘ஒரு லட்சம் வாங்கவில்லை’ என்பதற்குள் தொண்ணூறாயிரம் ஒளிந்துகொள்ளும் என்பதை அந்த விதியை எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள். நம் தீர்ப்புகளில் ‘அன்இக்விவொகல்’ என்ற எதிர்ச்சொல் அடிக்கடி வருவதையும் கவனித்திருப்பீர்கள். ஒப்புதல் அப்படி இருந்தால்தான் அதை வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியும். அதை நாம் ‘ஐயத்துக்கு இடமின்றி’ என்றும் ‘திட்டவட்டமாக’ என்றும் எழுதிப் பழகிவிட்டோம். இக்விவொகேட் என்பதற்குத் தமிழ் தேடும்போது அதைத் திருப்பிப் பார்த்தால் போதும், திட்டவட்டமில்லாமல், இரண்டுக்கும் இடம் வைத்து.

உங்கள் தீர்ப்பு லண்டனிலிருந்து வந்தது என்பதால் ஒரு எச்சரிக்கை. பிரிட்டனில் பலர் ப்ரிவேரிகேட் என்பதை ‘முடிவெடுக்காமல் இழுத்தடித்தார்’ என்ற பொருளில் எழுதுகிறார்கள். தள்ளிப்போடுவதற்கு ‘ப்ரொகிராஸ்டினேட்’ என்று ஒரு சொல் இருக்கிறது, ஓசை நெருங்கி வருவதால் கலந்துவிட்டது. இலக்கணம் பார்ப்பவர்கள் பிழை என்பார்கள், ஆனால் புழக்கத்தில் இருக்கிறது. மேலாளர் சாட்சி சொன்னதைப் பற்றித்தான் அந்த வரி என்கிறீர்கள், அதனால் இங்கே அந்தப் பொருள் இருக்க வாய்ப்பு குறைவு. இருந்தாலும் அந்த வரிக்கு முன்னால் கடிதம், தேதி, தாமதம் ஏதாவது வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

சரி, இப்போது உங்கள் பத்திக்கு வருவோம். நீதிபதியின் வாக்கியத்தை மட்டும் வைத்துச் சொல் தேடாதீர்கள். அவர் எந்தக் கேள்வி, எந்தப் பதிலை மனசில் வைத்து எழுதினார் என்பது தீர்ப்பிலேயே மேலே எங்காவது இருக்கும். அதைத் தேடி எடுத்து, பதிலைக் கேள்விக்குப் பக்கத்தில் வையுங்கள். பதிலில் இரண்டு பக்கம் திரும்பும் சொல் எது என்று விரல் வைத்துக் காட்ட முடிந்தால் ‘இரு பொருள்படப் பதில் சொன்னார்’ என்று எழுதுங்கள். பேச்சு கொஞ்சம் இயல்பாக வேண்டுமென்றால் ‘இரண்டுக்கும் இடம் வைத்துப் பேசினார்’. வெறுமனே உறுதி சொல்லாமல் இருந்தார் என்றால் ‘பிடி கொடுக்காமல் பேசினார்’. அப்படி விரல் வைக்க ஒரு சொல்லும் அகப்படவில்லை, பதில் வேறு பக்கம் போகிறது என்றால் ‘நேர்பதில் தராமல் விலகிப் போனார்’. அந்தப் பதிலை ஆவணங்கள் பொய்யாக்குகின்றன என்று நீதிபதியே அடுத்த வரியில் சொல்லியிருந்தால், அப்போது ‘உண்மையைத் திரித்துப் பேசினார்’ வரை போகலாம். அதற்கு மேல் போக வேண்டாம்.

இன்னொன்று, உங்கள் மேலாளர் விஷயத்தில் இது முக்கியம். இரு பொருள்படும் பதில் எல்லாமே கள்ளம் ஆகிவிடாது. என் நில வழக்குப் பெரியவர், முப்பது வருஷத்துக்கு முன் போட்ட கையெழுத்தைக் கண்ணாடி இல்லாமல் பார்த்து, நிஜமாகவே நிச்சயமில்லாமல் ‘மாதிரிதான்’ என்று சொல்லியிருக்கலாம். இக்விவொகேட் என்ற சொல் வேண்டுமென்றே செய்ததாகத்தான் குற்றம் சாட்டுகிறது. எனவே நீதிபதி அந்தச் சொல்லை எழுதியிருந்தால், தமிழிலும் ‘வேண்டுமென்றே’ என்பது தெரிய வேண்டும். பதில் தெளிவாக இல்லை என்று மட்டுமே எழுதியிருந்தால் நீங்களாக அதைச் சேர்த்துவிடக் கூடாது.

இதையெல்லாம் வைத்து நீங்கள் திருப்பி அனுப்ப வேண்டிய வரி ஏறத்தாழ இப்படி இருக்கும்: “முதல் கேள்விகளுக்கு அவர் வேண்டுமென்றே இரு பொருள்படப் பதில் சொன்னார், அழுத்திக் கேட்டபோது நேர்பதில் தராமல் விலகிப் போனார்.” அந்த ‘முதல் கேள்விகள்’, ‘அழுத்திக் கேட்டபோது’ இரண்டும் என் ஊகம். மூலத்தைப் பார்த்துச் சரிசெய்துகொண்டு, கேள்வி பதில் வரும் பத்தி எண்ணையும் ஓரத்தில் குறித்து அனுப்புங்கள். சரிபார்ப்பவர் அங்கேதான் முதலில் பார்ப்பார்.